ஈசான மூலைக் கால்

பொருநையாற்றின் தென்கரையில் தாழைமங்கலம் என்னும் ஊரில், நின்ற நம்பி என்னும் பெருமாளின் நந்தவனத்தில் குழி தோண்டும் தொண்டு செய்து வாழ்ந்தவர் மாலடியார். முல்லைப் பந்தலுக்குக் கால் நடுவதே அவருடைய பணி. கெட்டித் தரை தட்டும் வரை கடப்பாரையால் தோண்டுவார், மரத்தை நிறுத்துவார், கல்லும் மண்ணுமாக மாறி மாறி இட்டு உலக்கையால் இடிப்பார். ஒவ்வோர் இடிக்கும் ஒரு திருநாமம். பெருமாளுக்குப் பூக் கொடுக்கும் மண் ஆதலால், அதனைக் காலால் மிதித்து இறுக்க மாட்டார்.

ஓராண்டு கொடி தழைத்துப் பெருகவே, பந்தலை ஈசான மூலை வரை நீட்ட நேர்ந்தது. அங்கேதான் வந்தது சோதனை. பெருமாள் சூடிக் களைந்த மாலைகளைப் பிறர் கால் படாதபடி அம்மூலையில் புதைப்பது வழக்கம். மட்கிய பூக்களை வாரி எறிந்தாலன்றிக் கெட்டித் தரை கிட்டாது. நம்பியின் மார்பில் கிடந்த மாலையைக் கடப்பாரையால் குத்த மாலடியாருக்குக் கை எழவில்லை. பூக்களின் மேலேயே மரத்தை நட்டுவிட்டார்.

உடன் தொண்டு செய்த கரியான், அம்மரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னவே, கெழவன் பல்லு மாதிரில்லா ஆடுது! வாடுன மாலைக்கு எரக்கப்பட்டு, நாளைக்குப் பெருமாள் பொறப்பாட்டுக்குப் புது மாலை இல்லாம ஆக்கிராதேயும்."

"அதத் தோண்ட மட்டும் சொல்லாதேயும். என்னால ஆவாது."

"பந்தல் சாஞ்சா நந்தவனத்துக்குள்ளயே உம்ம விட மாட்டாவ, பாத்துக்கிடும்."

அன்று மாலையே சூறைக்காற்று எழுந்தது. மொட்டு நிறைந்த கொடியின் பாரம் முழுவதும் ஈசான மூலையில் சாய்ந்தது. மாலடியார் ஓடிச் சென்று மரத்தைத் தழுவி நின்றார். முழங்கால் வரை மண்ணில் புதைந்தார்.

"ஐயா, தப்பு செஞ்சது நான். பூவ மட்டும் காப்பாத்திக் குடும்!"

வலிமை ஒழிந்தது, கை நழுவியது, நினைவிழந்து விழுந்தார்.

விடியலில் கண் விழித்தபோது, பந்தல் முழுதும் முல்லை வெண்மையாக மலர்ந்திருந்தது. அங்கு வந்த கரியான் மரத்தை அசைத்துப் பார்த்தார். அது மலைபோல் நின்றது.

"நீரா வந்து பிடிச்சீரு?" என்று நன்றி பெருக வினவினார் மாலடியார்.

"நான் எங்க வந்தேன்? கம்பளிக்குள்ள சுருண்டு கெடந்தேன்வே!" என்று கரியான் திகைத்தார்.

அப்போது சந்நிதி திறந்த பட்டர், பதறிக் குரல் கொடுத்தார்.

"மாலடியாரே, ஓடி வாரும்! பெருமாள் திருவடியைச் சேவியும்!"

நின்ற நம்பியின் திருவடிகளில் கணுக்கால் வரை ஈரச் சேறு அப்பியிருந்தது. அச்சேற்றில், மட்கிய முல்லை மாலையின் நார்கள் ஒட்டியிருந்தன. மாலடியார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கரியானும் அவருக்குப் பின்னால் விழுந்தார்.

அன்று புறப்பாட்டுக்கு மாலை குறைவின்றி அமைந்தது. ஈசான மூலையின் முதற்பூவை, மாலடியார் கையாலேயே நம்பி ஏற்றருளினார். களைந்த மாலையையும் மாலை என்றே மதித்த அன்பர் மாலடியார் புகழ், முல்லை உள்ளளவும் மணப்பதாக.