மஞ்சள் கோடு

இதை எனக்கு முதலில் சொன்னவள் செல்வராணி. போன வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கோயில் அன்னதானத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பாதியிலேயே அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் பட்டறையில் நடந்தது இது. அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

செல்வராணியின் வீட்டுக்காரர் தனபாலனுக்கு வயது முப்பத்தெட்டு. மலேசியாவில், எங்கள் தைப்பிங்கில், பழைய ஜப்பான் கார்களை மட்டும் எடுத்துச் சரிசெய்கிறவர். எங்கள் ஊரில் மழை அதிகம். இரும்பு என்று ஒன்று இருந்தால் துரு வந்துவிடும். அதனால் அவருக்கு வேலை இல்லாத நாள் கிடையாது. என்னைவிட அந்த ஜப்பான்காரிகள்தான் உங்களுக்கு முக்கியம் என்று செல்வராணி குத்திக்காட்டுவாளாம். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லையாம்.

ஒரு நாள் லாரியில் ஒரு டட்சன் வந்து இறங்கியது. இரண்டே பேர் உட்காரும் கார். நீண்ட மூக்கு, சரிந்த முதுகு. ஐம்பது வருஷத்துக்கு முந்தையது. சீட்டு இல்லை, கண்ணாடி இல்லை, கதவுகளைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார்கள். கூடவே பன்னிரண்டு பெட்டி நிறையச் சாமான். லாரியின் முன்னாலிருந்து ரெங்கநாதன் இறங்கினார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயது.

கார் அவருடைய ஒரே மகன் புவனேந்திரனுடையது. மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், வீட்டு முன்னால் கொட்டகை போட்டு, அதை ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் துருவைச் சுரண்டித் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தான். என்ஜினை முடித்துவிட்டான். மற்றதில் கை வைப்பதற்குள் டெங்கு காய்ச்சல் வந்தது. ஆறு நாள்தான். இருபத்தேழு வயது.

வண்டியை முடிக்க வேண்டும், ஆனால் என் கையால் முடிக்க வேண்டும், நீங்கள் எனக்குக் கற்றுத்தர வேண்டும் என்று ரெங்கநாதன் கேட்டார். மகன் தன் அம்மாவிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தானாம். வண்டி ஓடினால் முதல் சுற்று உனக்குத்தான், ஏரிப் பூங்காவைச் சுற்றிக் கூட்டிப் போவேன் என்று. வருஷத் திதிக்குள் அந்தச் சுற்று நடக்கும் என்று மனைவிக்கு இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

தனபாலன் வெளியாள் கையில் ஸ்பேனரைக் கொடுக்கிறவர் இல்லை. அன்று வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். நாளைக்குப் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்.

இப்படி மூத்தவர் சீடரானார், இளையவர் குருவானார். சீடர் குருவைத் தம்பி என்று கூப்பிட்டார். குரு சீடரை ஐயா என்று கூப்பிட்டார்.

முதல் வாரமே ரெங்கநாதன் ஒரு போல்ட்டை இறுக்கி இறுக்கி முறித்துவிட்டார். ஓட்டைக்குள் மாட்டிக்கொண்ட பாதியை வெளியே எடுக்கத் தனபாலனுக்கு ஒரு முழு நாள் ஆனது.

"அந்தப் போல்ட்டு மேல உங்களுக்கு என்னய்யா கோவம்?"

"தளர்ந்துடக் கூடாதேன்னு பார்த்தேன் தம்பி."

"இறுக்கத்துக்கு ஒரு அளவு இருக்கு. அது வந்ததும் கையை எடுத்துடணும்."

அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற ஸ்பேனர் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். ரெங்கநாதன் இறுக்கினார், சத்தம் கேட்டது. உடனே ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார் தனபாலன்.

இது எதற்கு என்று ரெங்கநாதன் கேட்டார்.

"முடிஞ்ச வேலைக்கு அடையாளம். போல்ட்டு துளி திரும்பினாலும் கோடு ரெண்டா உடைஞ்சிடும். கோடு நேரா இருந்தா அதை விட்டுடலாம். மறுபடி தொட வேணாம்."

ரெங்கநாதன் எழுந்து என்ஜின் பக்கம் போனார். அங்கேயும் கோடுகள் இருந்தன. மஞ்சள் கோடுகள். புவனேந்திரன் இழுத்தவை. ஒன்றுகூட உடையவில்லை. அவை என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாள் பெயிண்ட் சிந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு பட்டறைச் சாவி அவரிடமே இருந்தது. காலையில் முதல் ஆளாக வந்து ஷட்டரைத் தூக்குவார். சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார். அதே கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மகனின் மஞ்சள் பெயிண்ட் டப்பா பெட்டிகளில் ஒன்றில் கிடந்தது. அதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பொழுது சாய்ந்துதான் வீட்டுக்குப் போவார். ஒரு தடவை செல்வராணியிடம் அவர் மனைவி சொன்னாராம், எங்கள் வீட்டில் இப்போது ரேடியோ மட்டும்தான் பேசுகிறது என்று. மகன் பெயரை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே இல்லை.

மாதங்கள் போயின. ரெங்கநாதன் துருப்பிடித்த தகட்டை வெட்டக் கற்றுக்கொண்டார், புதுத் தகட்டை ஒட்டக் கற்றுக்கொண்டார். பிரேக் குழாய்களை மாற்றினார். தபால் முத்திரை குத்தின கை கருத்துப்போய்விட்டது. பத்தாம் மாதம் என்ஜின் ஓடியது. மூன்று முறை இருமிவிட்டு நான்காம் முறை பிடித்துக்கொண்டது. தனபாலன் திரும்பிப் பார்த்தபோது ரெங்கநாதனைக் காணவில்லை. வெளியே மழையில், சாக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அப்புறம் மிச்சம் இருந்தது சீட்டுகள்தான். வலப்பக்கம் ஓட்டுகிறவருடைய சீட்டு ஒரே நாளில் முடிந்தது. பக்கத்தில் உட்காருகிறவருக்கான இடப்பக்கச் சீட்டையும் வைத்து, நான்கு போல்ட்டுகளையும் இறுக்கி, ரெங்கநாதனே வெள்ளைக் கோடு இழுத்தார். திதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலை அவரே தனபாலனைக் கூப்பிட்டுக் காட்டினார். நான்கு கோடுகளும் உடைந்திருந்தன.

தனபாலன் தன் மேல்தான் தப்பு என்று நினைத்தார். வாஷரை மாற்றினார். திரும்ப இறுக்கச் சொன்னார். மறுபடி கோடு. இரண்டு நாள் கழித்து மறுபடி தளர்ந்திருந்தது. மூன்றாவது முறை அவர் சீட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து வெகுநேரம் படுத்திருந்தார். நான்கும் ஒரே மாதிரி அரைச் சுற்று திரும்பியிருந்தன. வண்டி இன்னும் பட்டறையை விட்டு ஓர் அடி நகரவில்லை. நகராத வண்டியில் போல்ட் எப்படித் தளரும்?

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். ரெங்கநாதன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்ப இறுக்கினார்கள். திரும்பக் கோடு இழுத்தார்கள்.

திதிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, ரெங்கநாதனின் மனைவி டிபன் கேரியரோடு பட்டறைக்கு வந்தார். செல்வராணியும் அப்போது அங்கே இருந்தாள். பசியாறினீர்களா என்று எல்லாரையும் விசாரித்துவிட்டு, தனபாலனிடம்தான் கேட்டார்.

"திதிக்குள்ள ஆயிடுமா தம்பி?"

தனபாலன் வாயைத் திறப்பதற்குள் ரெங்கநாதன் முந்திக்கொண்டார். பழைய வண்டி, போல்ட்டு நிற்க மாட்டேன் என்கிறது, இறுக்க இறுக்கத் தளர்கிறது என்றார்.

அந்த அம்மா தலையாட்டினார். வண்டியின் இடப்பக்கம் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அந்தச் சீட்டை ஒரே ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிள்ளை நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி என்று சொன்னாள் செல்வராணி. காலி கேரியருக்கு அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குத் தனபாலன் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை நான்கு கோடுகளும் உடைந்துதான் இருந்தன. தனபாலன் பெட்டிகள் இருந்த மூலைக்குப் போனார். யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்த மஞ்சள் டப்பாவை எடுத்து வந்தார். மேலே ஏடாகக் காய்ந்திருந்த பெயிண்டை நீக்கிவிட்டு, கொஞ்சம் தின்னர் ஊற்றிக் குச்சியால் கலக்கினார். ரெங்கநாதன் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். தனபாலன் டப்பாவையும் தூரிகையையும் அவர் கையில் கொடுத்தார்.

"இறுக்கிட்டு, இந்தக் கலர்ல கோடு போடுங்கய்யா."

ரெங்கநாதன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுல போட்டா, அவன் போட்டது எது, நான் போட்டது எதுன்னு தெரியாம போயிடும் தம்பி."

"ஆமா. தெரியாது."

"என்ஜின்ல இருக்கற கோட்டை நான் ஒரு நாளும் கலைச்சதில்ல."

"பார்த்திருக்கேன்யா."

கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது. ரெங்கநாதன் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு வண்டியின் படியில் உட்கார்ந்தார். அந்த வண்டி தாழ்வானது. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும்.

"சீட்டு போல்ட்டை நான்தான் தளர்த்தினேன்."

"தெரியும்."

"காலையில ஷட்டரைத் தூக்குவேன். முடிஞ்ச வண்டி நிக்கும். கை தானா ஸ்பேனரை எடுத்துடும்."

தனபாலன் தின்னர் போத்தலை மூடி வைத்தார்.

"எனக்கு இந்த ஒண்ணை மட்டும் சொல்லு தம்பி. இது முடிஞ்சுட்டா, நாளைக்குக் காலையில நான் எங்க போறது?"

தனபாலன் குனிந்து, தோளில் கிடந்த துணியால் இடப்பக்கச் சீட்டைத் துடைத்தார். மேலே துடைத்தார், முதுகுப் பக்கம் துடைத்தார், தையல் ஓரங்களில் விரலை விட்டுத் துடைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இதுல உட்காரப் போறவங்களைக் கேளுங்கய்யா."

ரெங்கநாதன் டப்பாவோடு எழுந்தார். சீட்டுக்கு அடியில் குனிந்தார். 'டக்' என்று நான்கு முறை சத்தம் கேட்டது. அப்புறம் தூரிகையை டப்பாவில் தோய்க்கிற சத்தம். எழுந்து கையைக் கழுவினார், பட்டறைச் சாவியை ஆணியில் மாட்டினார், மணி பத்துகூட ஆகாத வெளிச்சத்தில் குடை இல்லாமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

செல்வராணி சொன்னது அவ்வளவுதான். அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள். பயற்றங்காய் இன்னும் பாதி இருந்தது.

அந்தப் பையன் பெயர் புவனேந்திரன். அவன் அம்மாவின் பெயரைச் செல்வராணி சொல்லவில்லை, நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். இன்றைக்கு உங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது, புவனேந்திரனின் அம்மா என்று சொல்லி, அவருக்காக ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.