கோமுவுக்காகப் பிசைந்த மாவு

தென்கரைப்பட்டியில் ஆவுடையப்பன், பிச்சையா, உலகநாதன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவர் மூளையையும் சேர்த்து ஒரு தீப்பெட்டியில் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். ஆனால் பாசத்துக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. மூத்தவன் மகள் கோமுவுக்கு நாலு வயசு. சோறு ஊட்டுவது, பித்தான் போடுவது எல்லாம் இவர்கள்தான். தாய்க்காரி ரெண்டாவது பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள்.

பாலர் பள்ளி டீச்சர் கோமுவைச் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார்.

"புள்ளைக்கு விரல்ல தெம்பே இல்ல. மாவு பிசையணும், சேறு குழைக்கணும். ஒரு மாசம் கை அழுக்காவே கெடக்கட்டும். அப்புறம் வாங்க. பித்தான் போட்டாத்தான் சீட்டு."

ஆவுடையப்பன் மகள் கையைப் பிடித்துப் பார்த்தான். பச்சப்புள்ள கையில் சேறா?

"அண்ணே, போன வருசம் கோமுவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நேந்துக்கிட்டு மொட்டை போட்டது யாரு?" என்றான் பிச்சையா.

"நீ."

"காய்ச்சல் யாருக்கு விட்டுச்சு?"

"கோமுவுக்கு."

"அப்ப நாம பிசைஞ்சா தெம்பு யாருக்குப் போகும்?"

அடடா! ஆவுடையப்பன் தம்பியைக் கட்டிக்கொண்டான்.

மறுநாளே அண்டாவில் மாவும் களிமண்ணும் கொட்டி, மூவரும் முழங்கை வரை இறங்கினார்கள். டீச்சர் சொன்ன சொல் தவறக்கூடாதே, மாசம் பூராவும் கை கழுவவில்லை. ஆகவே கதவு திறக்கக் கோமு, சோறு ஊட்டக் கோமு, மூன்று சட்டைக்கும் பித்தான் போடக் கோமு. மூக்கு அரித்தாலும் "ஏட்டி கோமு!"தான்.

"ஐயோ, புள்ளைய இப்படி வேலை வாங்குறோமே!" என்று ஆவுடையப்பன் அழுவான். கண்ணைத் துடைத்துவிடவும் அவள்தான் வரவேண்டும்.

மாசம் முடிந்தது. டீச்சர் நீட்டிய சட்டைக்குக் கோமு கண்மூடித் திறப்பதற்குள் பித்தான் போட்டு, மடித்தும் கொடுத்துவிட்டாள்.

"பாத்தியாலே, நாம பிசைஞ்சது வீண்போகல!" என்று ஆவுடையப்பன் பிச்சையாவைத் தோளால் இடித்தான்.

டீச்சர் அந்த ஆறு கைகளையும் பார்த்தார். "மொதல்ல போய்க் கழுவுங்க!" என்று சொல்லிவிட்டுக் கோமுவை வகுப்புக்குக் கூட்டிப்போனார்.

குழாயடியில் உலகநாதன் தயங்கினான். "அண்ணே, இந்த அழுக்குக் கையால பள்ளிக்கூடத்துக் குழாயைத் தொடலாமா?"

நியாயம்தானே? சாயங்காலம் மணி அடிக்கும்வரை மூவரும் வெயிலில் நின்றார்கள்.

கோமு வந்து குழாயைத் திறந்தாள். அந்நேரம் பார்த்து ஆவுடையப்பன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவள்தான் எடுத்து, குனிந்த அப்பாவின் காதில் வைத்தாள்.

"மச்சான், பையன் பொறந்திருக்கான்!" என்றான் மைத்துனன்.

"ஏலே, கையை எடுங்கலே!" என்று அலறினான் ஆவுடையப்பன். "இவனுக்கும் தெம்பு வேணும்ல!"

ஆறு கைகளும் வெடுக்கென்று பின்னால் போயின. கோமு குழாயை மூடினாள். அப்பாவின் மூக்கைச் சொறிந்துவிட்டு, கேட்டைத் திறந்து, மூவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"தம்பி பள்ளிக்கூடம் சேர இன்னும் நாலே வருசந்தானம்மா," என்றான் ஆவுடையப்பன்.