டூப்புக்கு யார் டூப்?

தெய்வானை சினிமாவுக்கு வந்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு.

ஒரு காலத்தில் திருவொற்றியூர் பெண்கள் கபடிக் குழுவில் அவளைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. அப்புறம் கல்யாணம், குழந்தை, வீட்டு வேலை. மகள் பள்ளிக்கூடம் போய்வர ஆரம்பித்ததும், பழைய தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டு, சினிமாவுக்குச் சண்டைக் காட்சி அமைத்துக் கொடுக்கும் கௌசர் மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

கௌசர் மாஸ்டர் அவளைவிடச் சின்னவர். அந்தத் தொழிலில் பெண் மாஸ்டர் என்று விரலை நீட்டிக் காட்ட அவர் ஒருவர்தான் இருந்தார். தெய்வானையை ஏற இறங்கப் பார்த்தார்.

"விழத் தெரியுமாக்கா?"

"விழாம நிக்கத் தெரியும் மாஸ்டர்."

"நிக்க எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு வாங்க, விழக் கத்துக்கலாம்."

அன்றிலிருந்து குரு சிஷ்யையை 'அக்கா' என்று கூப்பிட்டார். சிஷ்யை குருவை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டாள். வயசுக்கு ஒரு மரியாதை, வித்தைக்கு ஒரு மரியாதை.

அதற்கு முன்னால் கதாநாயகி மாடியிலிருந்து குதிக்க வேண்டுமென்றால் பூபதி என்ற ஆண் ஃபைட்டருக்குப் புடவை கட்டி, விக் மாட்டிக் குதிக்க வைப்பார்கள். தெய்வானை வந்த பிறகு அந்த வேலை அவளுக்கு வந்தது. முள்ளில் உருண்டது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தது, ஓடுகிற லாரியில் தொங்கியது எல்லாம் அவள். முகம் மட்டும் வேறொருத்தியுடையது.

ஒருநாள் விடியற்காலை. செங்குன்றம் பக்கம், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையில் படப்பிடிப்பு. வேனில் போய்க்கொண்டிருக்கும்போது தெய்வானை கேட்டாள்.

"மாஸ்டர், டூப்னா என்ன?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"இவ்ளோ நாளா பண்றீங்க. தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனச்சேன். எம் பொண்ணு ஸ்கூல்ல, 'அந்தப் படத்துல குதிக்கிறது எங்கம்மா'ன்னு சொல்லியிருக்கா. 'டூப் விடாதடி'ன்னு எல்லாம் சிரிச்சிருக்குங்க. இவ ரோஷமா, 'ஆமா, டூப்புதான்'னு சொல்லியிருக்கா. இன்னும் சிரிச்சிருக்குங்க. அழுதுட்டே வந்தா."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. தெய்வானையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு புதுப்பேட்டையில ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இருக்காரு. அவரைக் கேட்டேன். 'ஒரிஜினல் வாங்க வழியில்லாதவன் மாட்டுறது டூப்பு. அதுக்கு கேரண்டி கிடையாது'ன்னாரு. வெளையாட்டாத்தான் சொன்னாரு. எனக்குச் சோறு எறங்கல."

"ம்."

"எங்க தெருவுல ஒருத்தன் இருக்கான். ஹீரோ மாதிரியே தலைய வாரிக்கிட்டு, திருவிழா மேடையில ஆடுவான். அவனும் டூப்புதான். அவன்கூட நின்னு போட்டோ எடுத்துக்குறாங்க. பொய்யும் டூப்பு, சொத்தை சாமானும் டூப்பு, அவனும் டூப்பு, நானும் டூப்பு. இதுல நான் எது மாஸ்டர்?"

 மாஸ்டர், மடியில் கிடந்த ரோப் மாட்டும் இரும்புக் கொக்கியைத் திறந்து மூடிப் பார்த்தார். மறுபடி திறந்து மூடிப் பார்த்தார்.

"போய்ப் பாப்போம்," என்றார்.

அன்று எடுக்க வேண்டியது ஒரே ஒரு பெரிய காட்சி. வில்லன்கள் துரத்த, கதாநாயகி ஆலையின் மூன்றாவது மாடியிலிருந்து கீழே குதிக்கிறாள். தெய்வானையின் இடுப்பில் ரோப் கட்டி, அதைக் கிரேனில் பிடித்துக்கொள்வது என்றும், கீழே காற்றடைத்த மெத்தை போடுவது என்றும் முன்பே பேசியிருந்தார்கள்.

போனால், கிரேன் வரவில்லை. மெத்தையும் வரவில்லை. நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

டைரக்டர் இளஞ்சேரன் அவசரத்தில் இருந்தார்.

"கிரேன் வேற எடத்துல மாட்டிக்கிச்சு மாஸ்டர். பெட்டி போட்டாச்சு. வெயில் இப்படியே இருக்கும்போது எடுத்துடலாம்."

மாஸ்டர் ஒரு பெட்டியைக் காலால் அமுக்கினார். அது சத்தமில்லாமல் உள்ளே போனது.

"இந்த உயரத்துக்கு இது தாங்காது சார்."

"போன படத்துல தாங்குச்சே?"

"போன படத்துல முதல் மாடி."

"மாஸ்டர், ஹீரோயினா குதிக்கப் போறாங்க? டூப்புதானே. டூப்பு எங்க? வந்துச்சா?"

தெய்வானை அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கதாநாயகியின் அதே சிவப்புப் புடவை, அதே சவுரி ஜடை. 'வந்துச்சா' என்று நாயைக் கேட்பார்கள். பார்சலைக் கேட்பார்கள். 

அப்போது சுவரோரம் பூபதி நிற்பதைப் பார்த்தாள். அவன் கையில் விக் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவனையும் வரவழைத்திருந்தார்கள்.

தெய்வானைக்கு ரத்தம் சூடாகிவிட்டது. இன்றைக்கு அவள் பின்வாங்கினால் நாளைக்கு எல்லாக் குதியும் பூபதிக்குத்தான்.

"நான் குதிக்கிறேன் மாஸ்டர்," என்றாள்.

"குதிக்கக் கூடாது."

"என்னால முடியும்."

"முடியுமான்னு நான் கேக்கலையே."

"பொம்பள பயந்துட்டான்னு சொல்லுவாங்க மாஸ்டர். மறுபடி விக்கு மாட்டிருவாங்க. நீங்களே வழி விடுறீங்களா?"

 மாஸ்டர் டைரக்டரிடம் திரும்பினார்.

"சார், ஹீரோயினுக்கு அக்கா டூப். சரியா?"

"ஆமா."

"அக்காவுக்கு யாரு டூப்?"

டைரக்டருக்குப் புரியவில்லை. "டூப்புக்கு எதுக்கு டூப்பு?"

"ஒருதடவை போட்டுப் பாத்துடுவோம்."

ஆலையில் அரிசி மூட்டை நிறுக்கிற பழைய எடைமேடை துருவேறிக் கிடந்தது. மாஸ்டர் தெய்வானையை அதில் ஏறி நிற்கச் சொன்னார். முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நின்றது. சாக்பீஸால் அங்கே ஒரு கோடு போட்டார். அவளை இறக்கிவிட்டு ஒரு கோணிச்சாக்கை வைத்தார். முற்றத்தில் கொட்டிக் கிடந்த மணலைச் சட்டி சட்டியாகத் தானே அள்ளிப் போட்டார். முள் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, சாக்கின் வாயைத் தைத்தார்.

"புடவையைக் கழட்டிக் குடுங்கக்கா."

தெய்வானை மறைவுக்குப் போய் நைட்டிக்கு மாறி வந்து புடவையையும் சவுரி ஜடையையும் கொடுத்தாள். மாஸ்டர் அதை மூட்டைக்குச் சுற்றினார். ஜடையையும் மேலே கட்டினார். அவருடைய ஆட்கள் ரெண்டு பேர் அதை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். கீழேயிருந்து பார்க்க, யாரோ ஒருத்தி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

"மாஸ்டர், டைம் வேஸ்ட் பண்றீங்க," என்றார் டைரக்டர்.

மாஸ்டர் கையைக் காட்டினார். மேலேயிருந்து தள்ளினார்கள்.

சிவப்புப் புடவை காற்றில் ஒருமுறை விரிந்தது. அப்புறம் சத்தம்தான். பெட்டிகள் அப்பளமாக நொறுங்கின. மூட்டை அவற்றைத் தாண்டிப் போய்ச் சிமெண்டில் மோதி வாய்விட்டுப் பிளந்தது. மணல் களமெங்கும் ஓடியது. ஜடை மட்டும் தனியே தெறித்துப் போய் லைட்காரர் காலடியில் விழுந்தது. அவர் பதறிக் காலை எடுத்துக்கொண்டார்.



தெய்வானை அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சற்று முன்புவரை அதை அவள் கட்டியிருந்தாள். அவள் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்திருக்கும். 

டைரக்டர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார்.

"அது மூட்டை. மூட்டைக்கு உடம்பை வளைக்கத் தெரியுமா? இவங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார். வளைச்சா முதுகு போகும். வளைக்கலேன்னா கழுத்து போகும். எது வேணும்னு சொல்லுங்க."

டைரக்டர் மாஸ்டரை விட்டுவிட்டுத் தெய்வானை பக்கம் வந்தார். குரலைத் தணித்தார்.

"நீ சொல்லுமா. நீதானே குதிக்கிறேன்னு சொன்னே? இதைப் பண்ணிக் குடுத்தா அடுத்த படமும் உனக்குத்தான். இல்லேன்னா பூபதி ரெடியா இருக்கான்."

தெய்வானை மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு அவரிடமிருந்து ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மாட்டேன் சார்," என்றாள்.

"என்னது?"

"குதிக்க மாட்டேன்."

"இனிமே இந்த ஃபீல்டுல உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. தெரியுமில்ல?"

"கூப்பிடாட்டிப் போறாங்க சார். எம் பொண்ணு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வருவா. கதவு தொறக்க ஆள் வேணும்."

டைரக்டர் முகம் சிவந்தது. "பூபதி! விக்கை மாட்டு!"

பூபதி வந்தான். உடைந்த மூட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தான். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து விரலிடுக்கில் ஒழுகவிட்டான். பிறகு போய் விக்கை மேக்கப்காரர் கையில் கொடுத்தான்.

"எனக்கும் கழுத்து ஒண்ணுதான் சார்."

"பேக்கப்! எல்லாரும் கெளம்புங்க!" என்று கத்திவிட்டு டைரக்டர் காரில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் வேனை நிறுத்தி டீ குடித்தார்கள். தெய்வானை கிளாஸை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டாள். 

"என்னால உங்க படம் போச்சு மாஸ்டர்."

"உங்களாலயா? மூட்டையைத் தைச்சது நான்."

"ஊரெல்லாம் சொல்லுவாங்க. பொம்பளைங்க ரெண்டு பேரும் பயந்து ஓடிட்டாங்கன்னு."

"சொல்லட்டும்க்கா. உசுரோட இருந்து கேட்டுக்கலாம்."

அந்த வாரம் யாரும் கூப்பிடவில்லை. தெய்வானை வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், துணி துவைத்தாள், போன் அடித்தால் ஈரக் கையோடு ஓடினாள். கடன் அட்டைக்காரர்கள்தான் பேசினார்கள். ஆனால் அந்தப் பக்கம் டைரக்டர் இளஞ்சேரனுக்கும் வேலை நடக்கவில்லை. அவர் கூப்பிட்ட மாஸ்டர்கள் எல்லாரும் முதலில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கௌசர் ஏன் பாதியில் போனாங்க? பதிலைக் கேட்டதும் எல்லாருக்கும் அந்தத் தேதியில் வேறு வேலை வந்துவிட்டது.

கடைசியில் கௌசர் மாஸ்டருக்கே போன் வந்தது. மன்னிப்பு, வருத்தம் எதுவும் இல்லை. "கிரேன் வந்தாச்சு, மெத்தை வந்தாச்சு, வாங்க," என்று மட்டும் சொன்னார்கள்.

போனார்கள். கிரேன் ஆலைக்கு மேலே கழுத்தை நீட்டி நின்றது. களத்தில் மெத்தை காற்றடைத்து உப்பி நின்றது. மாஸ்டர் எதையும் நம்பவில்லை. ரோப்பை இழுத்துப் பார்த்தார். மெத்தையைச் சுற்றி வந்து நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். பிறகு தானே மாடிக்கு ஏறிப் போய் ஒருமுறை குதித்தார். எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு மறுபடி படியேறினார்.

"வாங்கக்கா."

மாடி விளிம்பில் தெய்வானை நின்றாள். புதுச் சிவப்புப் புடவை காற்றில் படபடத்தது. மாஸ்டர் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே அவள் இடுப்பில் கொக்கியை மாட்டினார். கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பூபதியும் இருந்தான். இந்த முறை அவன் மெத்தைக்குப் பக்கத்தில் ரோப் பிடிக்க நின்றான்.

டைரக்டர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"மாஸ்டர்! டூப்பு ரெடியா?"

குரல் ஆலையின் வெற்றுச் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. தெய்வானை மாஸ்டரைப் பார்த்தாள்.

மாஸ்டரிடம் மைக் இல்லை. விளிம்புக்கு வந்து, இரண்டு கையையும் வாயோரம் குவித்து, களத்தில் நின்ற கடைசி ஆள்வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"டூப்பு அன்னிக்கே விழுந்து செத்துப்போச்சு சார்! இங்க நிக்கிறவங்க பேரு தெய்வானை. அவங்க ரெடியாயிட்டாங்களான்னு கேளுங்க!"