இம்மி பிசகாத பள்ளிக்கூடம்

முன்னே ஒரு காலத்தில், எந்தத் திக்கில் என்று கேட்டால் கை காட்டத் தெரியாத ஒரு நாட்டில், பகல் தூக்கத்தை உயிராக நினைத்த ராஜா ஒருவர் இருந்தார். போர் வரட்டும், வெள்ளம் வரட்டும், மதியம் சாப்பிட்டு வெற்றிலை போட்டதும் அவர் கண்ணை மூடியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதுப் பொடிசுகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும். பள்ளிக்கூடம் இருந்ததோ ராஜாவின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே.

அதற்கு ஒரே வாத்தியார், மாசிலாமணி. ஒரே கூடத்தில் மூக்கொழுகும் பொடிசுகளும் இருந்தன, மீசை அரும்பிய தடியன்களும் இருந்தார்கள். இவர்களை அடக்க அவர் செய்து பார்க்காத வித்தை இல்லை. பிரம்பை எடுத்தார். பொடிசுகள் அழுததில் சத்தம் இரண்டு மடங்கானது. தடியன்கள் யாருக்கு அடி அதிகம் என்று பந்தயம் கட்டினார்கள். சும்மா இருப்பவனுக்குக் கற்கண்டு என்று சொல்லிப் பார்த்தார். கற்கண்டு வேண்டுமென்றால் முதலில் நன்றாகக் கத்த வேண்டும், அப்புறம் சும்மா இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கடைசியில் எல்லா வாத்தியார்களும் செய்வதையே அவரும் செய்தார். பதினாறு வயதுத் திருமேனியைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். வாத்தியார் கண் அசந்தால் போதும், எவன் பேசினான், எவன் தூங்கினான் என்று திருமேனி ஓலையில் பெயர் எழுதிவிட வேண்டும். அவன் மகா நேர்மைக்காரன். சொந்தத் தம்பி பெயரையே எழுதியவன். அதனால் அவனுக்குச் சிநேகிதன் என்று ஒருவனும் கிடையாது.

ஒரு நாள் "ஈரெட்டுப் பதினாறு" என்ற கூச்சலில் ராஜா கட்டிலிலிருந்து உருண்டே விட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சபையைக் கூட்டினார். வாத்தியாரையும் வரவழைத்து வாசலில் நிறுத்தினார்கள்.

"நமக்கு அமைதி வேண்டும்" என்றார் ராஜா. "எவ்விதம் என்பதை நீங்கள் சொல்லுங்கள்."

பிரதானி வீரகேசரி எழுந்தார். அவருக்கு அரசவை விகடன் தொப்பளானைக் கண்டால் ஆகாது. நாற்பது வருஷம் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர் அவர். ராஜாவோ எதற்கெடுத்தாலும் தொப்பளான் முகத்தைத்தான் பார்த்தார்.

"மகாராஜா, ஒழுக்கத்துக்கு இந்தச் சபையைவிட வேறு சான்று உண்டோ? தங்கள் திருமுன் நாங்கள் எப்படி அமர்ந்திருக்கிறோமோ, இம்மி பிசகாமல் அப்படியே பிள்ளைகளும் அமர வேண்டும். எட்டு நாளில் அதைச் செய்து காட்டும் பொறுப்பைத் தாங்கள் மெச்சும் தொப்பளானிடமே ஒப்படைக்கலாம். தவறினால் அவரும் வாத்தியாரும் நாட்டை விட்டுப் போகட்டும்."

வாசலில் நின்ற மாசிலாமணி விரல் விட்டு நாளை எண்ணினார். வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை அழைத்துக்கொண்டு எந்த எல்லையைத் தாண்டுவது?

ராஜா தலையசைத்தார். தொப்பளான் கைகூப்பி எழுந்தார்.

"உத்தரவு மகாராஜா. பிரதானியார் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஓலையில் எழுதி முத்திரையிட்டுத் தர வேண்டும். 'இம்மி பிசகாமல்' என்பது விடுபட்டுவிடக் கூடாது. இன்னொன்று, கண்ணால் பாராததைப் பிள்ளைகள் எங்ஙனம் செய்வார்கள்? எட்டு நாளும் அவர்கள் சபை ஓரத்தில் அமர்ந்து பார்க்க அனுமதி வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா. தம்மைப் பார்த்துப் படிக்க ஒரு பள்ளிக்கூடமே வருகிறது என்றதும் பிரதானிக்கு மீசை தானாக மேலே போனது.

வெளியே வந்ததும் வாத்தியார் தொப்பளானைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எட்டு வருஷமா என்னால அடக்க முடியல. எட்டு நாள்ல நீங்க எப்படி அடக்குவீங்க? என் பொண்டாட்டி பிள்ளையைத் தெருவுல நிறுத்திட்டீங்களே!"

"பதறாதீங்க வாத்தியாரே. உங்க பிள்ளைங்க சொல்றதைச் செய்வாங்களா?"

"செத்தாலும் செய்ய மாட்டாங்க."

"பார்க்கிறதை?"

"அதை மட்டும் அச்சு அசலாச் செய்வாங்க. எனக்குக் கால் சுளுக்கின அன்னிக்குப் பள்ளிக்கூடமே நொண்டிச்சு."

"அது போதும். போய் நிம்மதியாச் சாப்பிடுங்க."

சாப்பாடு எங்கே இறங்கும்? மறுநாள் முதல் வாத்தியார் பிள்ளைகளைச் சபையின் தெற்கு ஓரத்தில் உட்கார வைத்தார். திருமேனிக்குக் காலில் கட்டி என்பதால் அவனுக்கு மட்டும் ஒரு முக்காலி கிடைத்தது. முதல் நாள் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் முதுகை நிமிர்த்தி, வாயை இறுக்கி, சிலை மாதிரி இருந்தார்கள். ஒரு நாழிகைதான். அதற்குமேல் அவர்களால் முடியவில்லை. பொடிசுகள்தானே, இதுகளுக்கு என்ன தெரியும் என்று பழையபடி ஆகிவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு வேடிக்கை ஏது?

ஒன்பதாம் நாள் காலை ராஜா பரிவாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். எழுபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்து, மூன்று முறை குனிந்து, வரிசையாக உட்கார்ந்தார்கள். சத்தமே இல்லை. வாத்தியார் தம் கண்ணையே நம்பவில்லை. பிரதானியின் முகம் சுருங்கிவிட்டது.

"பேஷ்!" என்றார் ராஜா. ஆசனத்தில் அமர்ந்து, "இன்று வெயில் அதிகம்" என்றார் பொதுவாக.

"கொளுத்துகிறது மகாராஜா!" என்றன எழுபது குரல்களும்.

"ஆனாலும் இந்தக் கூடம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது."

"நடுங்குகிறது மகாராஜா!" என்று பற்களைக் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டார்கள்.

ராஜா கொஞ்சம் நெளிந்தார். தலையைத் திருப்பி வாத்தியாரிடம் ஏதோ கேட்டார். திருப்பியதுதான் தாமதம், பின்னால் குசுகுசுவென்று கிளம்பியது. முன்வரிசைக்காக இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒரு தடியன் கன்னத்தில் கை வைத்து, கண்ணைத் திறந்தபடியே குறட்டை விட்டான். ராஜா திரும்பிப் பார்த்ததும் எல்லாம் அடங்கியது. அப்போது காவல்காரன் மகள் செவ்வந்தி, ஐந்து வயதுக் குட்டி, குனிந்து குனிந்து வந்து ராஜாவின் காதருகில் நின்றாள்.

"மகாராஜா, உங்க மேல இருக்கிற விசுவாசத்துல சொல்றேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அதோ அந்த முத்தழகன் உங்க தொப்பையைப் பார்த்துச் சிரிச்சான்."

அவள் போய் உட்காருமுன் முத்தழகன் வந்துவிட்டான். "மகாராஜா, செவ்வந்தியை நம்பாதீங்க. அவ எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லுவா. அவ இடத்தை எனக்குக் குடுத்தா நான் நல்லாப் பார்த்துப்பேன்."

ராஜாவுக்குத் தும்மல் வந்தது. உடனே எழுபது பேரும் கைதட்டினார்கள்.

"என்ன கூத்து இது!" ராஜா எழுந்தே விட்டார்.

பிரதானிக்குப் போன உயிர் திரும்பியது. "தோற்றார் தொப்பளான்! மகாராஜா, இருவரையும் இன்றே எல்லை கடத்த ஆணையிடுங்கள்!"

மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டார். தொப்பளானோ நிதானமாக மடியிலிருந்து முத்திரை ஓலையை எடுத்து நீட்டினார்.

"'தங்கள் திருமுன் நாங்கள் எப்படி அமர்ந்திருக்கிறோமோ, இம்மி பிசகாமல் அப்படியே.' அடியேன் சேர்த்ததும் இல்லை, குறைத்ததும் இல்லை மகாராஜா."

"நம் சபை இப்படியா இருக்கிறது?"

"அதை நான் சொன்னால் பொறாமை என்பார்கள். சாட்சி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டுகிறோம்."

தொப்பளானே சற்று உதட்டைக் கடித்ததை வாத்தியார் பார்த்தார். அப்போது பின்வரிசையில் திருமேனி தயங்கித் தயங்கி எழுந்தான். கையில் ஒரு கட்டு ஓலை.

"வாத்தியாரே, சபையில எழுதினதை உங்ககிட்ட குடுக்க மறந்துட்டேன்."

"உன்னை யார்டா அங்க எழுதச் சொன்னது?" என்றார் வாத்தியார்.

"நீங்கதானே வாத்தியாரே? யார் பேசினாலும், யார் தூங்கினாலும் பேரை எழுதுன்னு சொன்னீங்க. அங்க எழுத வேண்டாம்னு யாரும் சொல்லலையே."

"படி" என்றார் ராஜா.

திருமேனி நேர்மைக்காரன் அல்லவா, படித்தான். "முதல் நாள். பேசியவர்கள்: சேனாதிபதி, ஐந்து தடவை. பிரதானி, பதினொரு தடவை. அதில் எட்டு, சேனாதிபதியைப் பற்றி. தூங்கியவர்கள்: பிரதானி, கன்னத்தில் கை வைத்து, கண்ணைத் திறந்தபடி. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் வெள்ளத்தைப் பற்றி அழுதபோது தூங்கியவர்கள்..." இந்த இடத்தில் அவன் நிறுத்தினான்.

"ஏன் நிறுத்தினாய்?"

"கடைசிப் பேரு வந்து..."

"படியப்பா!"

"மகாராஜா. குறட்டையோடு."

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். எல்லை எங்கே, இனி தலையே மிஞ்சாது என்று நினைத்தார்.

"துரோகம்! ராஜத் துரோகம்!" என்று அலறினார் பிரதானி.

"சும்மா இரும்!" என்றார் ராஜா. "பெயரை எழுதிவிடப் போகிறான்."

"எழுதிட்டேன் மகாராஜா" என்றான் திருமேனி, எழுத்தாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ராஜாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு தொப்பை குலுங்கியது. பிறகு அவர் ஆசனத்தில் விழுந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிள்ளைகளும் உடனே சிரித்தார்கள்; அது பார்த்துப் படித்த சிரிப்பா, சொந்தச் சிரிப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வாத்தியாரும் சிரித்தார், கூடவே அழுதார்.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தொப்பளானுக்குப் போட்டார். "சரி, ஜெயித்தீர். நம் மதியத் தூக்கத்துக்கு வழி என்ன?"

"பள்ளியில் எழுபது பிள்ளைகள், அறையில் ஒரு கட்டில். எதை நகர்த்துவது சுலபம் மகாராஜா?"

"அட! இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"முதல் நாள் சபையில் கட்டிலைப் பற்றிப் பேச்சில்லை மகாராஜா. யாரை விரட்டலாம் என்றுதான் பேச்சு."

கட்டில் அன்றே மேற்கு மாளிகைக்குப் போனது. காலியான அறை பொடிசுகளுக்குக் கிடைத்தது. அவர்கள் தொண்டை கிழிய ஒப்பிக்கலாம், கீழே தடியன்கள் நிம்மதியாகப் படிக்கலாம். மாசிலாமணிக்குப் பத்தாம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவள் போட்ட கூச்சலை அடக்க அவர் முயலவே இல்லை.

மறுநாள் சபையில் சேவகன் ஒருவன் திருமேனியின் முக்காலியை எடுக்கப் போனான். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் ராஜா. அதன் மேல் ஒரு வெற்று ஓலையும் எழுத்தாணியும் வைக்கச் சொன்னார். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் மறுபடியும் வந்து வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார்கள். யாரும் உட்காராத அந்த முக்காலியை ஓரக்கண்ணால் பார்த்தபடி சபை முழுக்க விழித்திருந்து கேட்டது, ராஜா உட்பட.