விழுங்கிய எழுத்துகள்

கரூரில் ஒரு செல்போன் கடைக்கு மேல், மாடியறையில் பெனிட்டா ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தாள். அவளிடம் படித்தவர்களில் தலை முழுக்க நரைத்தவர் நாச்சிமுத்து ஒருவர்தான். ஆசிரியைக்கு அவருடைய மகன் வயதுகூட இருக்காது. இருந்தால் என்ன, அவள் உள்ளே வந்ததும் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான்.

மகன் மெல்போர்னில் இருந்தான். பேத்தி ரியாவுக்குத் தமிழ் வராது. அவளோடு ஒரு தடவையாவது மனசாரப் பேசிவிட வேண்டும். நாச்சிமுத்துவுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஒருநாள் பாடத்தின் நடுவே பெனிட்டா சொன்னாள்: "இங்கிலீஷ்காரங்க வேகமாப் பேசறப்ப எல்லா எழுத்தையும் சொல்ல மாட்டாங்க. வார்த்தையும் வார்த்தையும் ஒட்டற இடத்துல கொஞ்சம் விழுங்கிருவாங்க."

இது போதாதா மனுஷனுக்கு? வீட்டுக்குப் போய் அகப்பட்டதையெல்லாம் விழுங்கிப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை ரியா போனில் வந்தாள். "வாட் டிட் யூ ஈட்" என்று கேட்க வேண்டியவர், "வா டி யூ ஈ" என்றார்.

"வாட், தாத்தா?"

"வா டி யூ ஈ, கண்ணு?"

குழந்தை இன்னொரு முறை கேட்டுப் பார்த்தது. பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டது.

அன்றோடு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும்வரை பேத்தியிடம் பேசுவதில்லை. மெல்போர்னிலிருந்து போன் வந்தால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். ஏற்கெனவே குளித்திருந்தாலும் போவார். மனைவி ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது, கதவுக்குப் பின்னால் குழாயை மூடிவிட்டு நின்று அந்தச் சின்னக் குரலைக் கேட்பார்.

வகுப்பில் ஒருநாள் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எந்தெந்த எழுத்தை விழுங்கோணும்னு கரெக்டாச் சொல்லிப்போடுங்க மிஸ். அதுக்கப்புறம் நான் பேத்திகிட்டப் பேசிக்கறேன்."

பெனிட்டா வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. மனைவிதான்.

"சாப்ட்டியா? எனக்குன்னு காத்துட்டிருக்காத. வந்தர்றேன்" என்று சொல்லி வைத்தார்.

"ஐயா, இப்ப அம்மாகிட்டப் பேசினீங்கல்ல, அதையே ஒரு எழுத்துகூட விடாமச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாப்பிட்டாயா? எனக்காகக் காத்துக்கொண்டிருக்காதே. வந்துவிடுகிறேன்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இப்படிப் பேசினா யாரோ எவனோன்னு போனை வெச்சுப்போடுவா மிஸ்."

"எத்தனை எழுத்தை விழுங்கியிருக்கீங்க! யாருங்க கத்துக்குடுத்தாங்க?"

"இதை யாரு கத்துக்குடுப்பாங்க? கல்யாணமானதுல இருந்து பேசிப் பேசி அதுவாத் தேஞ்சு போச்சு."

அவர் தான் சொன்னதைத் தானே மறுபடி நினைத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அத்தனை வருசத்துக்கு நான் எங்கீங்க மிஸ் போவேன்? எனக்கு அவ்வளவு நாள் இல்லீங்களே."

மேசைமேல் இருந்த அவருடைய போனை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள் பெனிட்டா.

"அப்புறம் ஏனுங்கய்யா குளிக்கப் போறீங்க?"