டைரக்ட் கொடுத்த ஃபேன்

கொல்லிமலைக்கு ஏறும் சாலை தொடங்குகிற இடத்தில் தமயந்தியின் பட்டறை இருந்தது. மலை வளைவுகளில் கொதித்து நின்றுபோன வண்டிகளைக் கயிறு கட்டி அங்கே இழுத்து வருவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா நிற்பாள்.

அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் அத்தியப்பன். அவருக்கு ஐம்பத்தாறு வயது, அவளுக்கு முப்பத்தைந்து. மகள் வயசுப் பிள்ளைக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத்தான் தலை நரைத்ததா என்று டீக்கடையில் கேட்பார்கள். நரைத்த தலையை வேலைக்குச் சேர்க்க வேறு யாரும் முன்வரவில்லை என்பார் அவர்.

உண்மையில் அவர் பிழைப்புக்காக வந்தவர் அல்ல. அவர் மனைவி பூவாயிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் நாமக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பஸ்ஸில் ஏறினால் வாந்தி. அதற்காக இருபத்துநான்கு வருஷத்துப் பழைய கார் ஒன்றை வாங்கினார். அதை நிற்காமல் ஓட வைப்பதற்காகவே தமயந்தியிடம் வந்து சேர்ந்தார்.

ஒரு புதன்கிழமை காலையில் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

"ஃபேன் ஓடுதுங்க மேஸ்திரி. நிக்காம ஓடுது. ஆனாலும் கொதிக்குது."

தமயந்தி பானட்டைத் திறந்தாள். வண்டியை அணைக்கச் சொன்னாள். ஆறட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னார். பத்து நாளைக்கு முன்னால், தமயந்தி தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, ஃபேன் ஓடாமல் போனது. ஃபியூஸ் மாற்றினார். ரிலே மாற்றினார். ரேடியேட்டர் சூடானதும் ஃபேனைப் போட்டுவிடும் சுவிட்சையும் மாற்றினார். கடைசியில் பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு மோட்டார் வாங்கிவந்து மாட்டினார். பிளக் பொருந்தவில்லை. அதை வெட்டி எறிந்துவிட்டு நேரே ஒயர் இழுத்து முறுக்கிவிட்டார். அந்தப் பக்கத்தில் அதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பெயர். என்ன கோளாறு என்று தெரியாதபோது எல்லாரும் செய்வதுதான். சாவி போட்டதும் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும், வண்டியை அணைக்கும்வரை சுற்றும்.

"நின்ன இடத்துல மெதுவாத்தான் சூடாகுது. ரோட்டுல வேகமாப் போனா உடனே ஏறுது. காத்து பட்டா ஆறணுமில்லைங்க? இது காத்துப் படப்படக் கொதிக்குது. எனக்கு ஒண்ணுமே புரியலை."

அவர் நேற்றைய கதைக்குப் போனார். பாதி வழியில் கார் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் பூவாயியின் மெஷினில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். சாயங்காலம் மெஷின் காலியாகும்வரை பெஞ்சில் கிடந்தாள். திரும்பி வரும்போது, இனிமேல் நான் வரவில்லை என்று சொன்னாள். அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. நிறுத்தினால் இரண்டு வாரம் தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த முறை நாளைக் காலை ஏழு மணி.

தமயந்தி எழுந்துபோய்ச் சுவரில் இருந்த தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து வந்தாள்.

"சாவியைப் போட்டுட்டு, இதைக் கிரில்லுக்கு முன்னாடி புடிங்க."

பிடித்தார். தாள் அவர் நெஞ்சுப் பக்கமாகப் படபடத்தது. வெளிக்காற்றாக இருக்கும் என்று நினைத்து முதுகால் மறைத்துக்கொண்டு மறுபடியும் பிடித்தார். தாள் கையை விட்டு எகிறி ரோட்டில் போய் விழுந்தது.

"எங்கிருந்து வருது காத்து?" என்றாள்.

"உள்ளேயிருந்துங்க."

"எங்க போகணும்?"

அவர் யோசித்தார். உள்ளே போக வேண்டும் என்று தெரிந்தது. கிரில்லைக் கையால் காட்டினார்.

அவள் முறுக்கியிருந்த இரண்டு ஒயரையும் பிரித்து, இடம் மாற்றி முறுக்கினாள். இரண்டுமே கறுப்பு ஒயர்கள், மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். இன்னொரு தாளைக் கொடுத்தாள். அது கிரில்லில் போய் அப்பிக்கொண்டது.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக ரோட்டுக் காற்று உள்ளே வரப் பார்த்திருக்கிறது. ஃபேன் அதைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஓடுதான்னு பாத்தேன் மேஸ்திரி. நல்லாச் சுத்துச்சு."

"சுத்துச்சு," என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. வண்டி சரியாகிவிட்டது, இனி பூவாயி வந்துவிடுவாள் என்றார்.

"வண்டி சூடானதுனாலதான் வரலைன்னாங்களா?"

வேறு எதற்கு என்று கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே சந்தேகமாக இருந்தது.

தமயந்தி சாவியை வாங்கிக்கொண்டாள். ஓட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவரை இடது பக்கம், பூவாயி உட்காரும் இடத்தில், உட்காரச் சொன்னாள்.

கார் நாமக்கல் சாலையில் இறங்கியதும் அவள் பேச ஆரம்பித்தாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாதவள் விடாமல் பேசினாள். மனசை விட்டுவிடக் கூடாது என்றாள். தண்ணீரை அளவாகக் குடிக்க வேண்டும் என்றாள். ஈரோட்டில் ஒருவர் பதினெட்டு வருஷமாக டயாலிசிஸ் செய்துகொண்டு பேத்தி கல்யாணத்தையும் பார்த்துவிட்டாராம், நமக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றாள். தைரியம்தான் பாதி மருந்து என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இதையெல்லாம் எதற்குத் தன்னிடம் சொல்கிறாள்? கொஞ்ச தூரம் போன பிறகுதான், அத்தனையும் பட்டறையிலிருந்து பூவாயிக்குப் போன் போடும்போது தான் பேசுகிற வார்த்தைகள் என்பது பிடிபட்டது.

காலை வெயில் இடது பக்கமாக நேரே அவர் முகத்தில் விழுந்தது. கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்றினார். கைப்பிடி சும்மா சுற்றியது. கண்ணாடி அசையவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் ஈரோட்டுக்காரரின் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடி வாயெடுத்தார். இந்த மாதம் ரத்தத்தின் அளவு கூடியிருக்கிறது, நல்ல சகுனம் என்றாள். மூன்றாவது தடவை அவர் வாயெடுக்கவில்லை. வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்குத் திரும்பினார்கள். முள் பாதியில் அசையாமல் நின்றது. அவள் வண்டியை அணைத்தாள். பேச்சையும் நிறுத்தினாள்.

அவர் சொன்னார்: "இந்தப் பக்கக் கண்ணாடி இறங்கலைங்க."

"எத்தனை நாளா?"

"தெரியலைங்க. நான் இங்க உக்காந்ததே இல்லை."

அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கதவைப் பிரித்தார். உள்ளே ஒரு பல்சக்கரம் மழுங்கிப் போயிருந்தது. அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், உதவிக்கு வரவில்லை. பழைய கதவொன்றிலிருந்து சக்கரத்தைக் கழற்றி மாட்டி அவர் கண்ணாடியை இறக்கியபோது உச்சி வெயில் ஆகிவிட்டது.

துணியில் கையைத் துடைத்தார். நன்றாகத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ நான் பேசணுங்களா, பேசக் கூடாதுங்களா?"

"எனக்குத் தெரியாதுங்கண்ணா."

"பேசாம இருந்தா கைவிட்டுட்டேன்னு நெனச்சுக்குவா."

அவள் மழுங்கிய பல்சக்கரத்தை எடுத்துக் குப்பை டப்பாவில் போட்டாள்.

"நாளைக்குக் கார்ல ஏறுவாளா மேஸ்திரி? அதையாவது சொல்லுங்க."

தமயந்தி கார்ச் சாவியை அவரிடம் நீட்டினாள்.

"அதை ஏங்கண்ணா என்கிட்ட கேக்கறீங்க?"