ஜொஹராவின் நாலு அள்ளு

நூகுத்தம்பி அரிசி மண்டிக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் குருவாக வரித்துக்கொண்ட இல்யாஸ் ஹஜ்ரத்துக்கோ தாடியில் இன்னும் ஒரு நரை விழவில்லை. "மகன் வயசுப் பிள்ளைகிட்டப் போய் மண்டி போடுறீரே" என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். "மண்டி வச்சிருக்கிறவன் மண்டி போடாம, நீயா போடுவ?" என்பார்.

பெருநாள் தொழுகை முடிந்து, கட்டித் தழுவிய கூட்டமெல்லாம் கலைந்து போன பிறகு அவர் பள்ளிவாசலுக்குத் திரும்பி வந்தார். கையில் மிச்சமாக ஒரு இனிப்புப் பை.

"என்ன காக்கா, பெருநாளும் அதுவுமா மூஞ்சி இப்படி இருக்கு?" என்று அண்ணனை அழைக்கிற முறையில் கேட்டார் ஹஜ்ரத்.

"பித்ரா கொடுக்கப் போனேன், ஹஜ்ரத்."

"யாருக்கு?"

"ஜொஹராவுக்கு. நம்ம மண்டியில மூட்டை தூக்கும்போது விழுந்து இடுப்பொடிஞ்சு கிடக்கானே கபூரு, அவன் பொஞ்சாதி."

"எப்போ போனீங்க?"

"இப்போதான். தொழுதுட்டு."

ஹஜ்ரத் நிமிர்ந்து பார்த்தார். நோன்பு மாதம் முடிகிறபோது வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும், பச்சைப் பிள்ளைக்கும் சேர்த்து, இரண்டு கையும் குவித்து நாலு அள்ளு தானியம் கொடுத்தாக வேண்டும். அதுதான் பித்ரா. அது பெருநாள் தொழுகைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் மற்ற நாளில் கொடுக்கிற தர்மத்தோடு தர்மம். நூகுத்தம்பிக்கு இது தெரியாததல்ல.

"அரிசி முந்தாநாளே எடுத்து வச்சாச்சு, ஹஜ்ரத். வெறும் அரிசியை எப்படி நீட்டுறது? நெய், முந்திரி, பிள்ளைக்குச் சட்டை, அவளுக்கு ஒரு புடவைன்னு சேர்த்தேன். புடவை நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. அதுக்குள்ள பிறை தெரிஞ்சு வீடு நிறைய ஆளு. காலையில நானே என் கையால கொடுக்கலாம்னு இருந்துட்டேன். காலையில குளிச்சு, அத்தர் பூசி... நேரம் ஓடிருச்சு."

"அவ என்ன சொன்னா?"

நூகுத்தம்பிக்கு அந்த வாசல் இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை.

ஜொஹரா குழந்தையைத் தோளில் போட்டபடி நிலைப்படியில் நின்றிருந்தாள். புடவையைப் பிரித்தும் பார்க்கவில்லை. அரிசிப் பையை மட்டும் வாங்கிக் கீழே வைத்தாள். பக்கத்தில் ஒரு முறம், துடைத்து, காலியாகக் கிடந்தது.

"இது எதுக்கும்மா?"

"அடுத்த வீட்டு ஐசம்மா ராத்தாவுக்கு அள்ளிக் கொடுக்கலாம்னு எடுத்து வச்சேன், முதலாளி."

"உனக்கு வந்ததையா?"

"இன்னிக்குச் சாப்பாட்டுக்குப் போக மிச்சம் இருந்தா நாங்களும் கொடுக்கணும்ல? வருஷா வருஷம் அவரு கூலியிலேர்ந்து எடுத்து வச்சுக் கொடுப்பாரு. இந்த வருஷம் அதுக்கு வழியில்ல. எப்படியும் நீங்க கொடுத்தனுப்புவீங்க, அதுல அள்ளிக்கலாம்னு இருந்தேன்." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "பத்து வருஷம் தவம் கிடந்து பெத்த பிள்ளை. இது பேருக்கு முதல் பித்ரா. இது கையைப் பிடிச்சு அரிசியில வச்சு அள்ளணும்னு ஒரு ஆசை. பள்ளியில தொழுகை தொடங்கி தக்பீர் கட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் வாசல்லயே நின்னேன்."

அப்புறம் சிரித்தாள். "பரவாயில்ல முதலாளி. உங்களுக்கு ஆயிரம் சோலி."

"அவ என்னைத் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும், ஹஜ்ரத். சிரிச்சுட்டா."

நூகுத்தம்பி ஓரடி கிட்ட வந்தார்.

"ரெண்டு மூட்டை அரிசி அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. சாப்பிடுவாங்க."

"கபூரோட வைத்தியச் செலவு முழுக்க நானே..."

"அது எப்பவோ பண்ணியிருக்க வேண்டியது."

நூகுத்தம்பியின் தலை குனிந்தது. "அப்போ நான் என்னதான் செய்யட்டும்?"

ஹஜ்ரத் எழுந்து வந்தார். நூகுத்தம்பியின் கையிலிருந்த இனிப்புப் பையை வாங்கிக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்த பணப்பையையும் எடுத்து அதன் மேல் வைத்தார்.

"கையை விரிங்க."

விரித்தார்.

"இப்படியே அவ வீட்டுக்குப் போங்க."

"வெறுங்கையோடயா?"

"வெறுங்கையோட. பசிக்குதுன்னு சொல்லுங்க. அந்த அரிசியில வடிச்ச சோறு ஒரு வாய் கேளுங்க."

"ஹஜ்ரத்! யார் வாசல்லயும் நான் கேட்டு நின்னதில்ல."

"தெரியும்."

"நான் கொடுத்த பித்ராவை நானே தின்னுறதா? மார்க்கத்துல கூடுமா?"

"அவ கைக்குப் போனப்புறம் அது உங்க அரிசி இல்ல, காக்கா. அவ அரிசி."

நூகுத்தம்பி விரித்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றில் இன்னும் அத்தர் மணத்தது. மெல்லப் படியிறங்கிச் செருப்பை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஹஜ்ரத்... இது அந்த நாலு அள்ளுக்கு ஈடாகுமா?"

"ஆகாது," என்றார் ஹஜ்ரத். "சோறு ஆறுறதுக்குள்ள போங்க."